அழைப்பு எதுவும் வரவில்லை

அவளுக்கு அந்த வேலை கிடைத்ததே குரலால்தான். பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது முதல் சுற்றுத் தேர்வைப் போனிலேயே நடத்தினார்கள். எதிர்முனையில் இருந்தவருக்கு அவள் பேச்சு பிடித்துப்போய் நிறைய மதிப்பெண் போட்டுவிட்டார். இரண்டாம் சுற்றுக்கு நேரில் போய் நின்றதும் மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் போட்ட மதிப்பெண்ணை அழிக்க முடியவில்லை. போனில் நிறம் தெரியாது என்று அன்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தங்கைதான் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தாள். கொஞ்ச நாளில் தெரு முழுக்க அவள் ரேடியோ அக்கா ஆகிவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய தெருக்களில். நாலு தலைமுறைக்கு முன்னால் மூட்டை தூக்குவதற்கென்றே கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே இருந்தார்கள். நகரத்து ஆட்களைவிடக் கறுத்த தோல், சுருட்டை முடி, பேச்சில் ஒரு இழுவை. கிரேன் வந்து மூட்டை தூக்குவது நின்றுபோய் ஐம்பது வருஷம் ஆகியும் நகரத்தில் அவர்களுக்கு ‘மூட்டைகள்’ என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகைக் காட்டினால் போதும், சொல்லிவிடுவார்கள். தேர்வு அன்று அடக்கிப் பேசிய அந்த இழுவையை, ரேடியோ அக்கா வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் தன் பேச்சிலிருந்து அடியோடு வழித்துப் போட்டுவிட்டாள். பெரிய தோட்ட வீடுகளிலிருந்து போன் செய்கிறவர்கள் யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமலேயே அவளை மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள்.

வெள்ளம் வந்த வருஷம் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் விடிந்ததும் மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். திறக்கப்போகிறோம் என்று ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிடங்குப் பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி ரேடியோ அக்காவே இரண்டு தடவை குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருந்தாள்.

கட்டுப்பாட்டு அறை அரசு அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. வழக்கமாக மூன்று பேர் போன் எடுப்பார்கள். அன்று மழையில் மற்ற இருவராலும் வந்து சேர முடியவில்லை. அவள் மட்டும் முந்தின நாளிலிருந்தே அங்கேயே இருந்தாள். மின்சாரம் போய்க் கணினி அணைந்ததும், அலமாரியிலிருந்து பழைய அழைப்புப் புத்தகத்தை எடுத்தார்கள். மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், அடியில் ரோஜா நிறத் தாள். எழுதியதும் வெள்ளைத் தாளைக் கிழித்து வயர்லெஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் படகுகளுக்குச் சொல்வார். ரோஜாத் தாள் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

பேரிடர் ஆணையர் தன் அறையை விட்டு எழுந்து வந்து அவள் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். கடைநிலை ஊழியரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவள் ஒரு அழைப்பை எழுதி முடித்ததும் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, மேல் மூலையில் ‘உடனே’ என்றோ ‘பிறகு’ என்றோ எழுதி, சுருக்கொப்பம் போட்டுத் திரும்பத் தள்ளுவார். அதற்குப் பிறகுதான் அவள் தாளைக் கிழிப்பாள். பேனாவை அழுத்தி எழுதுகிற கை அவருக்கு.

இருந்தது பதினோரு படகுகள். தோட்ட வீடுகளிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் ‘உடனே’. அங்கே தண்ணீர் முழங்கால் அளவு, வீடுகளுக்கு மாடியும் உண்டு. கிடங்குப் பக்கத்திலிருந்து வந்தவற்றுக்கெல்லாம் ‘பிறகு’. ஒன்பதாவதோ பத்தாவதோ ‘பிறகு’ விழுந்தபோது அவள் துணிந்து கேட்டுவிட்டாள். அங்கே எல்லாம் ஓட்டு வீடுகள், இரண்டு படகாவது அனுப்பலாமே என்றாள். அவர் தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னார்.

“கிடங்குப் பக்கத்து ஆளுங்களுக்குத் தண்ணி புதுசா என்ன? கூரை மேல ஏறத் தெரிஞ்ச சனம். தாங்குவாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்கு உறைத்தது. அவளைத் திரும்பிப் பார்த்து, மெல்லிய குரலில், “உங்களைச் சொல்லலம்மா” என்றார்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கையின் அழைப்பு வந்தது. துறைமுக கேன்டீனில் பாத்திரம் கழுவும்போது வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று வாரமாகக் கட்டிலில் கிடந்தாள் அவள். புருஷன் வெல்டர், கப்பல் பட்டறையில் வேலைக்குப் போனவன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் எட்டு வயது மகளும்தான். வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ரயில்பாதை மேட்டுக்கு நடந்து போகிறார்கள், என்னையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டாள்.

ரேடியோ அக்கா போனின் வாயைப் பொத்திக்கொண்டு ஆணையரிடம் கேட்டாள். எல்லாரையும் இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள், படகு வருகிறது என்று சொல்லுங்கள், ஜனங்கள் தெருவில் இறங்கினால் இன்னும் குழப்பம் என்றார் அவர். காலையிலிருந்து அவள் அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் பழகிப்போயிருந்தது.

“இரு. படகு வருது” என்றாள் தங்கையிடம்.

பத்தே முக்காலுக்கு மறுபடி அழைப்பு. கட்டிலின் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். அவள் இந்த முறை ஆணையரிடம் மறைக்காமல் சொன்னாள், இது என் கூடப்பிறந்தவள், கால் முறிந்து நடக்க முடியாதவள் என்று. அவர் பேனா ஒரு நொடி நின்றது. உங்கள் தங்கை என்பதற்காகத் தனியாகப் படகு அனுப்பினால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள், நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ‘பிறகு’ என்று எழுதினார். அதற்கு அடுத்து வந்தது ஒரு தோட்ட வீட்டு அழைப்பு. வீட்டில் ஆட்கள் யாரும் இல்லை, இரண்டு நாய்களும் நாலு பெட்டிகளும் மாடியில் இருக்கின்றன. ‘உடனே.’ அதையும் அவள் கையால்தான் எழுதினாள்.

மூன்றாவது அழைப்பு பதினொன்றரைக்கு. தங்கை நிதானமாகப் பேசினாள். “பாப்பாவை ஓட்டைப் பிரிச்சு மேல ஏத்திட்டேன் அக்கா. படகு வந்தா கூரை மேல பாக்கச் சொல்லு.” அவ்வளவுதான். ரேடியோ அக்கா பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

கிடங்குப் பக்கத்துக்கு முதல் படகு போனது சாயங்காலம் நாலு மணிக்கு. பாப்பாவைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். தங்கையை மறுநாள் எடுத்தார்கள். அந்தத் தெருக்களில் மட்டும் நாற்பத்து மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். தோட்ட வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் அறையை விட்டுக் கிளம்பும்போது அவள் அழைப்புப் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. தங்கையின் கடைசிப் பேச்சு அதில் இருக்கிறது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அவள் வீடும் மூழ்கிப்போனதால், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்து வெல்டரோடும் பாப்பாவோடும் குடியேறிய வீட்டில் புரட்டிப் பார்த்தபோதுதான், கிடங்குப் பக்கத்து ஒவ்வொரு ரோஜாத் தாளின் மூலையிலும் ‘பிறகு’, ‘பிறகு’ என்று நீலமாக இறங்கியிருப்பதைக் கண்டாள். அவர் அழுத்தி எழுதியது கார்பனைத் தாண்டி அடித்தாளிலும் பதிந்திருந்தது. சுருக்கொப்பத்தோடு.

ஆணையர் துக்கம் விசாரிக்க வந்தார். இயற்கை செய்ததற்கு யாரை நொந்துகொள்வது என்றார். வெல்டர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் போன பிறகுதான் அவள் அவனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போக வந்தவர்களைத் தடுத்தது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் எழுந்து போய், ஆணையர் உட்கார்ந்த நாற்காலியைக் கொல்லைப்புறத்தில் போட்டு உடைத்தான். பாப்பாவிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. படகு வருது, அக்கா இருக்கச் சொல்லியிருக்கா என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொன்னதை அது பக்கத்திலேயே நின்று கேட்டிருந்தது. ஒருநாள் பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது, நீதானே பெரியம்மா இருக்கச் சொன்ன என்று கேட்டது. ஆமாம் என்றாள். அது தலையை ஆட்டிவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கியது. கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மூன்றாம் வாரம் ஆணையர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு எழுதிய வெள்ளைத் தாள்கள் எல்லாம் மழையில் நனைந்து வீணாகிவிட்டன என்றார். மூன்றாம் மாடியில், பூட்டிய அலமாரியில் இருந்த தாள்கள் எந்த மழையில் நனைந்தன என்று அவள் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் எங்கே, அதில் பிரதி இருக்குமே என்று அவர் போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குள் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தது.

“அதுவும் ஊறிப் போச்சு சார். சுத்தம் பண்றப்ப குப்பையோட போட்டுட்டேன்.”

அவர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. பரவாயில்லை, நீங்கள் இருந்த நிலைமையில் என்று ஆறுதல் சொன்னார்.

பல வருஷங்களாக அந்த அலுவலகத்தைப் பார்த்தவள் அவள். அவள் சேர்ந்த புதிதில் ஒரு பொறியாளர் கட்டிய சிறுபாலம் இடிந்து ஆறு பேர் செத்தார்கள். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ரெண்டு வருஷத்தில் பதவி உயர்வோடு திரும்பி வந்தார். இப்போது புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இவருக்கும் அதுதான் நடக்கும். அவசரத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்பார், நாலு பேர் அவர் நல்லவர் என்பார்கள், ஒரு மாற்றல் உத்தரவோடு முடிந்துபோகும். அது போதாது அவளுக்கு. அந்த மனிதர் பொய்யைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சத்தியம் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். திரும்பி இறங்க முடியாத உயரத்துக்கு ஏற வேண்டும். அது வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்தாள்.

அவர் ஏறத்தான் செய்தார். இரண்டாம் மாதம் துறையின் அறிக்கை வந்தது. கிடங்குப் பக்கத்துக் கைபேசிக் கோபுரம் காலை எட்டு மணிக்கே விழுந்துவிட்டது, அந்தப் பகுதியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை, எச்சரிக்கையை மதிக்காமல் மக்கள் தங்கள் பொறுப்பிலேயே வீட்டில் இருந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். தங்கள் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அரசு வீடு கட்டித் தர வேண்டியதில்லை என்று அதற்கு அர்த்தம். வீடிழந்த இருநூறு குடும்பங்களையும் ஒரு காலிக் கிடங்கில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். சாக்குத் துணியைத் தொங்கவிட்டுத் தடுப்பு. மேலே தகரம். மூட்டைகளை மறுபடி கிடங்கிலேயே அடுக்கிவிட்டார்கள் என்று நகரத்தில் யாரோ சொல்லிச் சிரித்தது அங்கே வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆணையரைப் புனரமைப்புக்கும் சேர்த்துப் பொறுப்பாளர் ஆக்கினார்கள்.

ரேடியோ அக்கா தினமும் வேலைக்குப் போனாள். அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுத்தாள். புத்தகம் அவள் வீட்டில் அரிசி டப்பாவின் அடியில், மூன்று பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

கிடங்குச் சனத்தின் சார்பில் மனு எழுதி அலைந்தவர் அவர்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அவருடைய செருப்பே ரெண்டு ஜோடி தேய்ந்திருக்கும். அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள் என்பதால் அவளிடமும் வந்தார். அழைப்பு வந்தது என்பதற்கு ஒரே ஒரு தாள் கிடைத்தால் போதும், காலியாகக் கிடக்கும் அரசுக் குடியிருப்பில் எல்லாரையும் உடனே குடியேற்றச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார், உங்கள் அலுவலகத்தில் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை வாத்தியார் என்றாள் அவள்.

போராட்டம், மறியல் என்று இழுத்து, கடைசியில் அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்துப் பொது விசாரணைக்கு ஒத்துக்கொண்டது. வெள்ளம் வந்து பதினான்காம் மாதம் விசாரணை என்று நாள் குறித்தார்கள். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. கிடங்கில் கழிவுநீர் உள்ளே ஏறியது. காய்ச்சல் பரவியது. ஏழு பேர் செத்தார்கள்.

வாத்தியாரின் மனைவி காய்ச்சலில் விழுந்தபோது அவர் மறுபடி வந்தார். அரசுக் குடியிருப்புக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னாராம், எங்காவது ஒரு துண்டுத் தாள் இருக்காதா என்று கெஞ்சினார். அவள் அடுப்பங்கரைக்குள் போனாள். டப்பாவின் மூடியைத் திறந்து அரிசிக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் பிளாஸ்டிக் பை தட்டியது. இன்னும் மூன்று வாரம்தான். இப்போது வெளியே விட்டால் ஆணையர் உஷாராகிவிடுவார், மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவார். கையை வெளியே எடுத்து உதறினாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க வாத்தியார். விசாரணை வரட்டும்” என்றாள்.

அவர் மனைவி விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் இறந்துபோனாள்.

விசாரணைக்கு முந்தின வாரம் ஆணையர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவளைத் தன் தரப்புச் சாட்சியாகப் பட்டியலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். கேட்டபோது அவளுக்கே ஒரு கணம் நம்ப முடியவில்லை.

“அழைப்பு வரலைன்னு நாங்க சொன்னா அவங்க சந்தேகப்படுவாங்க. உங்க வாயால சொன்னா எடுபடும். நீங்க அவங்கள்ல ஒருத்தர் இல்லையா” என்றார். பிறகு, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, என்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

விசாரணை நகரமன்றக் கூடத்தில் நடந்தது. நீதிபதி ஒல்லியான, வயதான பெண்மணி. காதுக் கருவியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். கூடத்தின் பின்பாதி முழுக்கக் கிடங்குச் சனம். வெல்டர் வந்திருந்தான். வாத்தியார் முதல் வரிசையில் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முற்பகலில் ஆணையர் சாட்சி சொன்னார். சத்தியம் செய்துவிட்டு, எழுத்து மூலமான வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட்டார். நீதிபதி இரண்டு தடவை கேட்டார், கிடங்குப் பகுதியிலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லையா என்று. இரண்டு தடவையும் அவர் வரவில்லை என்றார். வந்திருந்தால் என் உயிரைக் கொடுத்தாவது படகு அனுப்பியிருப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். பின்வரிசையில் இருந்த ரேடியோ அக்கா அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எதிர்பார்க்கவேயில்லை. கேட்காமலே கிடைத்தது.

மதியத்துக்கு மேல் அவளைக் கூப்பிட்டார்கள். ஆணையரின் வக்கீல் முதல் கேள்வியைக் கேட்டார், அன்று காலை கிடங்குப் பகுதியிலிருந்து அழைப்பு ஏதாவது வந்ததா என்று. சொல்லிக்கொடுத்த அதே கேள்வி.

“வந்துச்சு. அறுபத்தொண்ணு” என்றாள் அவள்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீதிபதியின் மேசை மேல் வைத்தாள். கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. வக்கீல் எழுந்து இது திருட்டு ஆவணம் என்றார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் படிக்கட்டும் என்றார் நீதிபதி. அவள் படித்தாள். நேரம், தெரு, யார், என்ன நிலை, சொன்ன பதில், மூலையில் இருந்த சொல். வழித்துப் போட்ட இழுவை எப்போது திரும்பி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிடங்குப் பேச்சிலேயே படித்தாள். சில பெயர்கள் வந்தபோது பின்னால் யாராவது எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. நாய்களும் பெட்டிகளும் வந்த தாளையும் விடாமல் படித்தாள். தங்கையின் மூன்று அழைப்புகளையும் மற்றதைப்போலவே படித்தாள்.

வக்கீல் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் ‘படகு வருகிறது, இருக்கவும்’ என்று பதில் எழுதியிருக்கிறதே, அதைச் சொன்னது யார் என்று கேட்டார்.

“நான்தான். இவர் சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். அறுபத்தொரு தடவை சொன்னேன். என் தங்கச்சிகிட்டயும் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க.”

நீதிபதி புத்தகத்தை ஆணையரிடம் காட்டி, மூலையில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஞாபகம் இல்லை என்றார். காலையில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை எடுத்து நீதிபதி புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆணையரின் காது மடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்குவதை ரேடியோ அக்கா இமைக்காமல் பார்த்தாள். பதினான்கு மாதம் பட்டினி கிடந்தவள் இலை முன் உட்கார்ந்ததுபோலப் பார்த்தாள். அவர் ஒரே ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். புரியாமைதான் இருந்தது. இவளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று உண்மையாகவே யோசிக்கிற முகம். அதைக் கண்டதும் அவளுக்கு வந்த வெறுப்பு, இத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் விடப் பெரியதாக இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் ஜனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சிலர் கையைப் பிடித்தார்கள். ஒரு அம்மா, என் மகன்கிட்ட பேசினது நீதானா என்று மட்டும் கேட்டுவிட்டு விலகிப் போனாள். கூட்டம் குறைந்த பிறகு வாத்தியார் வந்தார்.

“இத்தனை நாளும் இது உங்ககிட்டதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“நான் வந்து கேட்டப்பவும்?”

“ஆமா வாத்தியார்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கணக்கில் எங்கே தப்பு விழுந்தது என்று பிள்ளையிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். “என் வீட்டுக்காரிக்கு என்ன எழுதினீங்க? உடனேயா, பிறகா?”

  பதிலுக்கு நிற்காமல் வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த மாதமே நீதிமன்றம் கிடங்கைக் காலி செய்யச் சொல்லி, எல்லாரையும் அரசுக் குடியிருப்பில் குடியேற்றியது. வாத்தியார் சொன்னபடி, தாள் கிடைத்த ஒன்பதாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. அந்த ஒன்பதை ரேடியோ அக்கா மறக்கவில்லை. மேட்டில் புது வீடுகள் கட்டவும் உத்தரவாயிற்று. ஆணையருக்குப் பொய்ச்சாட்சிக்கும் கடமை தவறி உயிர்ச்சேதம் விளைவித்ததற்கும் சேர்த்து மூன்று வருஷம் கிடைத்தது. ஒலிபெருக்கிக்கான குறிப்பு எந்த மேசையில் தூங்கியது, படகுகளைத் தோட்ட வீடுகளுக்கு முதலில் அனுப்பும்படி அன்று காலை அவருக்குப் போன் செய்தது யார் என்பதையெல்லாம் அறிக்கை தொடவில்லை. அவர்களில் ஒருவர்தான் புது வீடுகளின் திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டினார்.

அரசு ஆவணத்தை எடுத்துச் சென்றதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் எதிர்த்து மனுப் போடவில்லை. இப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தில் போன் எடுக்கிறாள். இழுவையை மறைப்பதில்லை. தொலைபேசியில் சிலர், வேறு ஆள் இல்லையா என்று கேட்பதுண்டு. இல்லை, நான்தான் என்பாள்.

புது வீட்டில் வாத்தியார் வீடு அவள் வீட்டுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது. சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது. அவள் துணி காயப்போட மாடிக்கு வந்தால் அவர் ஜன்னலைச் சாத்துவார். மாற்றிக்கொள்கிறேன் என்று வெல்டர் தன் வீட்டைக் கொடுக்க முன்வந்தான். வேண்டாம் என்றுவிட்டாள். அவர் சாத்தட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, அது தினமும் தனக்குக் கேட்கத்தான் வேண்டும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, அந்த ஆளுக்குச் சிறையில் சர்க்கரை வியாதி முற்றிவிட்டதாம், பார்வை மங்குகிறதாம் என்று கேள்விப்பட்டதைச் சொன்னான். நன்னடத்தைக்காக ஆறு மாதம் முன்னாலேயே விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்றான். பாப்பா தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“விட்டுடுங்க அக்கா. போதும்” என்றான் வெல்டர். “நாம ஜெயிச்சாச்சு.”

“எதை மாப்பிள்ளை ஜெயிச்சோம்?” அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “வரட்டும். சாகறதுக்குள்ள அவனுக்குத் தான் என்ன பண்ணினோம்னு தெரியணும். ஜெயில்ல அது தெரியாது. அவன் வீட்டுக்கு வந்ததும் நான் போவேன். கண்ணு தெரியலன்னா காது கேக்கும்ல. புத்தகத்தோட நகல் கோர்ட்டுல வாங்கி வச்சிருக்கேன். உக்காந்து படிச்சுக் காட்டுவேன். தினம் ஒரு தாள்.”

“போலீசைக் கூப்பிடுவான்.”

“கூப்பிடட்டும்.”

பாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. எத்தனை தாள் பெரியம்மா என்று கேட்டது. அறுபத்தொன்று என்றாள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, நானும் வருகிறேன் என்றது பாப்பா.  வெல்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.